ஸ்டாக்ஹோம் தீவுக்கூட்டத்தில் படகேறித் தீவு தீவாகச் செல்லுதல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒவ்வோர் ஆண்டும் மே மாதம் பிறந்ததும் உறவினர்களிடமிருந்தும் நண்பர்களிடமிருந்தும் எனக்கு அழைப்புகள் வரத் தொடங்கும். ஸ்டாக்ஹோமுக்கு வரப்போகிறார்கள், நகரத்துக்குக் கிழக்கே கடல் முழுவதும் தீவுகள் என்று கேள்விப்பட்டிருக்கிறார்கள், நான்கு நாட்களில் எல்லாவற்றையும் பார்த்துவிட முடியுமா என்று கேட்கிறார்கள். ஒரே விடைகளைத் தொலைபேசியில் சொல்லிச் சொல்லி அலுத்துப்போன பின்னர், அவர்கள் கேட்ட விதத்திலேயே கேள்விகளை எழுதி இங்கே தொகுத்திருக்கிறேன். எளியவை முதலிலும் சிக்கலானவை பின்னாலும் வருகின்றன. படிக்கும்போது ஒன்றை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்: இந்தப் படகுகள் சுற்றுலாப் பயணிகளுக்காக ஓடத் தொடங்கியவை அல்ல, தீவுகளில் குடியிருப்பவர்களுக்கான பேருந்துகள். இது பிடிபட்டுவிட்டால் கீழே உள்ளவற்றில் பாதி தானாகவே விளங்கிவிடும்.

உண்மையிலேயே முப்பதாயிரம் தீவுகளா? அத்தனையிலும் மனிதர்கள் இருக்கிறார்களா?

நீருக்கு மேலே தலைகாட்டும் ஒவ்வொரு பாறையையும் எண்ணினால் ஏறத்தாழ 30,000 என்பது சரிதான். ஆனால் அவற்றில் பெரும்பாலானவை கடற்பறவைகள் மட்டுமே அமரும் கற்கள். ஆண்டு முழுவதும் மக்கள் வாழும் தீவுகள் மிகச் சில. கோடை வீடுகள் உள்ளவை அதைவிடப் பல மடங்கு. ஸ்வீடிஷ் மொழியில் இப்படிப்பட்ட தீவுக்கூட்டத்தை 'ஷேர்கோர்ட்' என்கிறார்கள். பெயர்களின் ஈற்றைக் கவனித்தால் அளவு ஓரளவு தெரிந்துவிடும்: 'ஓ' என்று முடிந்தால் தீவு, 'ஹோல்மெ' என்றால் சிறு தீவு, 'ஷேர்' என்றால் கரடான பாறைத்திட்டு, 'கோப்' என்றால் வழவழப்பான சின்னஞ்சிறு பாறை.

பனியுகத்தில் இந்நிலத்தின் மேல் கிலோமீட்டர் கணக்கில் தடிமன் கொண்ட பனிப்பாளம் அழுத்திக்கொண்டிருந்தது. அது பாறைகளைத் தேய்த்து வழவழப்பாக்கியது. உருகிப் போனதும், அமுங்கியிருந்த நிலம் மெல்ல மேலெழத் தொடங்கியது. ஸ்டாக்ஹோம் பகுதியில் அந்த எழுச்சி இன்றும் ஆண்டுக்கு 4 முதல் 5 மில்லிமீட்டர் வரை நடக்கிறது. பாட்டனார் காலத்தில் படகைக் கட்டி நிறுத்திய விரிகுடா பேரன் காலத்தில் நாணல் மண்டிய சேறாகிவிடுவது இங்கே சாதாரணம். நகரத்துக்கு அருகிலுள்ள தீவுகளில் அடர்ந்த காடும், நடுப்பகுதியில் காடும் வயலும் கலந்தும், கடைசி வரிசையில் காற்றில் வளைந்த சில பைன் மரங்களும் வெறும் பாறையுமாகக் காட்சி மாறிக்கொண்டே போகும்.

எந்த மாதத்தில் வந்தால் நல்லது?

ஜூன் நடுப்பகுதியிலிருந்து ஆகஸ்ட் நடுப்பகுதி வரை படகுகள் மிக அதிகமாக ஓடும். விடுதிகளும் கடைகளும் திறந்திருக்கும். ஜூன் இறுதியில் பகற்பொழுது பதினெட்டரை மணி நேரம் நீள்கிறது. இரவு பத்து மணிக்கும் பாறையில் அமர்ந்து புத்தகம் படிக்கலாம். என்னைக் கேட்டால் ஆகஸ்டின் கடைசி இரண்டு வாரங்களைத்தான் சொல்வேன். நீர் இன்னும் இதமாக இருக்கும், கூட்டம் வடிந்திருக்கும், காட்டில் பழங்களும் காளான்களும் கிடைக்கும். படகுகளின் எண்ணிக்கை மட்டும் அப்போது குறைந்துவிடும்.

ஜூன் 19 முதல் 25 வரை உள்ள நாட்களில் எந்த நாள் வெள்ளிக்கிழமையாக வருகிறதோ, அதுதான் நடுக்கோடை விழாவின் முந்தைய நாள். நாடே அன்று தீவுகளை நோக்கிப் புறப்படும். முன்கூட்டியே தங்குமிடம் உறுதி செய்யாதவர்கள் அந்த வார இறுதியைத் தவிர்ப்பது நல்லது.

படகு எங்கிருந்து புறப்படுகிறது? இரண்டு மூன்று நிறுவனங்கள் இருக்கின்றனவே?

நகரின் நடுவே, அரண்மனைக்கு நேர் எதிர்க்கரையில், கிராண்ட் ஹோட்டல் வாசலில் இருக்கும் ஸ்ட்ரோம்காயென் துறையிலிருந்து வாக்ஸ்ஹோல்ம்ஸ்போலாகெட் நிறுவனத்தின் வெள்ளைப் படகுகள் கிளம்புகின்றன. இது ஸ்டாக்ஹோம் மாகாண நிர்வாகத்துக்குச் சொந்தமானது. சற்றுத் தள்ளி ஸ்ட்ராண்ட்வேகென் கரையிலிருந்து ஸ்ட்ரோம்மா என்ற தனியார் நிறுவனத்தின் சின்டரெல்லா படகுகள் புறப்படுகின்றன. அவை குறைந்த துறைகளில் நின்று விரைவாகச் செல்பவை. ஒன்றின் பயணச்சீட்டு மற்றொன்றில் செல்லாது.

பலரும் அறியாத செய்தி ஒன்று உண்டு. நகரத்திலிருந்தே படகேற வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. நிலப்பகுதியின் விளிம்பில் உள்ள துறைகளுக்குப் பேருந்தில் போய்விட்டால் நேரம் வெகுவாக மிச்சமாகும். சாண்ட்ஹாம்னுக்கு நகரத்திலிருந்து கடல்வழியில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும். நகருக்குள் உள்ள ஸ்லுஸ்ஸெனிலிருந்து பேருந்தில் ஸ்தாவ்ஸ்நேஸ் சென்று ஏறினால் கடற்பயணம் அதில் பாதிகூட இராது. ஊட்டோ தீவுக்கு வெஸ்டர்ஹானிங்கே வரை ரயில், அங்கிருந்து ஓர்ஸ்டா துறை வரை பேருந்து, பிறகு படகு. வாக்ஸ்ஹோல்ம் நகருக்கோ சாலையே இருக்கிறது; 670 எண் பேருந்து நேராகப் போகிறது. போகும்போது நகரத்திலிருந்து படகிலும், திரும்பும்போது குறுக்குவழியில் பேருந்திலும் வருவது என் வழக்கம். முதல் ஒரு மணி நேரக் காட்சி அத்தனை அழகு. களைத்துத் திரும்பும்போது அந்த அழகு யாருக்கும் தேவைப்படுவதில்லை.

பயணச்சீட்டை முன்பதிவு செய்ய வேண்டுமா?

வாக்ஸ்ஹோல்ம்ஸ்போலாகெட் படகுகளில் இருக்கை முன்பதிவு என்பதே கிடையாது. வரிசையில் நின்று ஏறி, படகிலேயே சீட்டு வாங்கிக்கொள்ளலாம். ஏறும்போது எந்தத் துறையில் இறங்கப் போகிறீர்கள் என்று ஊழியர் கேட்பார்; அதைத் தெளிவாகச் சொல்லுங்கள், ஏனெனில் யாரும் இறங்காத, யாரும் ஏறாத துறைகளைப் படகு நிற்காமலே கடந்துவிடும். வங்கி அட்டை கையில் இருக்கட்டும். ஸ்வீடனில் ரொக்கத்தை நம்பிப் பயணம் செய்யும் காலம் போய்விட்டது. தீவுக் கடைகளிலும் அப்படித்தான்.

முன்பதிவு இல்லை என்பதற்கு மறுபக்கமும் உண்டு: படகு நிரம்பிவிட்டால் கரையில் நிற்க வேண்டியதுதான். வெள்ளி மாலை நகரத்திலிருந்து வெளியே போகும் படகுகளும், ஞாயிறு பிற்பகல் நகரத்துக்குத் திரும்பும் படகுகளும் நெரிசல் மிகுந்தவை. அந்த இரண்டையும் தவிர்க்கும்படி நாட்களை அமைத்துக்கொண்டால், மேல்தளத்தில் காற்று வாங்கிக்கொண்டு நிம்மதியாக உட்காரலாம்.

கால அட்டவணையைப் பார்த்தால் தலை சுற்றுகிறது. எப்படித்தான் படிப்பது?

என்னிடம் வரும் அழைப்புகளில் பாதி இதைப் பற்றியவை. முதலில் பருவத்தைப் பாருங்கள்: வசந்தம், கோடை, இலையுதிர்காலம், குளிர்காலம் என்று ஆண்டுக்குப் பல அட்டவணைகள் வெளியாகின்றன, கடந்த வாரம் நண்பர் அனுப்பிய படம் இந்த வாரத்துக்குப் பொருந்தாமல் போகலாம். அடுத்து திசை: வெளியே போகும் பயணமும் நகரத்துக்குத் திரும்பும் பயணமும் தனித்தனிப் பட்டியல்கள். மூன்றாவதாகக் கிழமை: திங்கள் முதல் வியாழன் வரை ஒன்று, வெள்ளி ஒன்று, சனி ஒன்று, ஞாயிறும் விடுமுறை நாட்களும் ஒன்று. நம் வீட்டு நாட்காட்டியில் போலவே இங்கும் விடுமுறை நாட்கள் சிவப்பு மையில் அச்சாகும்; வாரநாளில் சிவப்பு விழுந்தால் அன்று ஓடுவது பெரும்பாலும் ஞாயிற்றுக்கிழமை அட்டவணை.

நான்காவது, நேரத்துக்குப் பக்கத்தில் உள்ள சிறு எழுத்துகளையும் குறிகளையும் விடாமல் படியுங்கள். 'இங்கே படகு மாற வேண்டும்', 'இறங்குவதற்கு மட்டும்', 'குறிப்பிட்ட தேதிகளில் மட்டும்' போன்ற செய்திகள் எல்லாம் அந்தக் குறிகளில்தான் ஒளிந்திருக்கின்றன. மாற வேண்டிய இடத்தில் இரண்டு படகுகளும் ஒரே துறையில் அடுத்தடுத்து நிற்கும். ஊழியரிடம் முன்பே சொல்லிவிட்டால் ஒன்றுக்காக மற்றொன்று காத்திருக்கவும் கூடும்.

ஐந்தாவது, துறையின் பெயர். ஒரு தீவில் ஒரே துறைதான் இருக்கும் என்று எண்ணிவிடாதீர்கள். கிரிண்டாவில் வடதுறை, தென்துறை என்று இரண்டு உண்டு. அங்கே நான் முதன்முறை சென்றபோது, ஐஸ்கிரீம் தின்றுகொண்டே தென்துறையில் அரைமணி நேரம் காத்திருந்தேன். நான் ஏற வேண்டிய படகு வடதுறைக்கு வந்து, ஆள் இல்லை என்று போயே விட்டது. அட்டவணையில் 'வட' என்ற ஒற்றைச் சொல்லை நான் கவனிக்கவில்லை. அன்றிலிருந்து, தீவில் கால் வைத்ததும் முதல் வேலையாகத் திரும்பும் படகின் துறையையும் நேரத்தையும் ஒரு துண்டுத்தாளில் எழுதிச் சட்டைப்பையில் வைத்துக்கொள்கிறேன்.

துறையில் ஒரு கம்பமும் அதில் வெள்ளைத் தட்டும் இருக்கிறதே, அது எதற்கு?

அதுதான் கைகாட்டி. பழைய ரயில் நிலையங்களில் பார்த்திருப்பீர்களே, அதே வேலைதான். சிறு துறைகளில் படகு தானாக நிற்காது; ஏறுவதற்கு ஆள் இருக்கிறது என்று நீங்கள்தான் அறிவிக்க வேண்டும். கயிற்றையோ கைப்பிடியையோ இழுத்துத் தட்டைக் கடலை நோக்கித் தெரியும்படி நிறுத்துங்கள். படகு கண்ணுக்குத் தெரிந்த பிறகு ஓடி வந்து தூக்குவது வழக்கமன்று. குறித்த நேரத்துக்குச் சற்று முன்பே தூக்கிவிட்டுத் துறையிலேயே நில்லுங்கள். இருட்டிய பிறகு விளக்கால் சைகை காட்ட வேண்டும். சில துறைகளில் அதற்கென்றே பொத்தான் இருக்கும், இல்லாவிடில் கைவிளக்கை ஆட்டுங்கள்.

படகில் கால் வைப்பதற்கு முன் தட்டை மறக்காமல் இறக்கிவிடுங்கள். அப்படியே விட்டுப் போனால் அடுத்த படகு ஆளில்லாத துறைக்கு வளைந்து வந்து திரும்பும். தீவு மக்களின் முகச்சுளிப்புக்கு ஆளாக இதைவிட எளிய வழி இல்லை.

கடைசிப் படகைத் தவறவிட்டால் என்ன ஆகும்?

இரவுப் படகு என்று எதுவும் வராது. கடல் வாடகைப்படகுகள் உண்டு. தொலைபேசியில் அழைத்தால் வரும், ஆனால் அதற்கான தொகையைக் கேட்டால் நல்ல விடுதியில் ஓரிரவு தங்குவதே மேல் என்று தோன்றும். ஆகவே முதலில் தீவிலுள்ள விடுதியிலோ கடையிலோ கேளுங்கள். நகரத்துக்குப் போகும் யாரேனும் தம் படகில் ஏற்றிக்கொள்வதும் உண்டு. 112 என்ற அவசர எண் உயிருக்கு ஆபத்து நேரும்போது மட்டும். படகைத் தவறவிட்டது அவசரநிலை ஆகாது.

ஒரே நாளில் எத்தனை தீவுகள் பார்க்கலாம்?

ஒன்று. மிகவும் திட்டமிட்டால் இரண்டு. இந்த விடையைக் கேட்டு ஏமாற்றம் அடையாதவர்கள் குறைவு. காரணம் எளியது: படகு வழிகள் சக்கரத்தின் ஆரக்கால்களைப் போல நகரத்திலிருந்தும் நிலப்பகுதித் துறைகளிலிருந்தும் வெளியே நீள்கின்றன, ஆரக்காலுக்கு ஆரக்கால் தாண்டும் வழிகள் சொற்பம். தீவில் வாழ்பவருக்கு மருத்துவரிடமும் கடைக்கும் போவதுதான் தேவையே தவிர, பக்கத்துத் தீவை வேடிக்கை பார்ப்பது அன்று. வரைபடத்தில் கைதொடும் தூரத்தில் இருக்கும் இரண்டு தீவுகளுக்கு இடையே போக, சில நேரங்களில் நிலப்பகுதிக்கே திரும்பி வந்து வேறு படகு பிடிக்க வேண்டியிருக்கும்.

எனவே ஒரே ஆரக்காலில் அமைந்த தீவுகளைத் தேர்ந்தெடுங்கள். நடுப்பகுதியில் கிரிண்டா, ஸ்வார்ட்ஸோ, இங்மார்ஷோ, ஃபின்ஹாம்ன் ஆகியவை ஒரு பயணத்தில் கோக்கத் தக்கவை. நான்கு நாட்கள் இருந்தால் இரண்டு தீவுகளில் இரவு தங்கி, மூன்றாவதில் பகலில் மட்டும் இறங்கிப் பார்த்துவிட்டுத் திரும்புங்கள்.

வயதான பெற்றோரையும் சிறு பிள்ளைகளையும் அழைத்து வருகிறேன். எந்தத் தீவு?

பெற்றோருக்கு வாக்ஸ்ஹோல்ம். சமதளமான தெருக்கள், மரவீடுகள், உட்கார்ந்து கடலைப் பார்க்க ஏற்ற கடைகள், எதிரே நீரின் நடுவில் கல்கோட்டை. கால் வலித்தால் உடனே பேருந்து. பிள்ளைகளுக்குக் கிரிண்டா: ஆடுமாடுகள், குளிக்க ஆழமற்ற மணற்கரை, கார்கள் இல்லாத காட்டுப்பாதை.

மணலும் பாய்மரப் படகுகளும் வேண்டுமென்றால் சாண்ட்ஹாம்ன். இது உண்மையில் ஊரின் பெயர். தீவின் பெயர் சாண்டோன். ஊரைத் தாண்டி இருபது நிமிடம் பைன் காட்டுக்குள் நடந்தால் ட்ரூவில் என்ற மணற்கரை வரும். ஜூலையில் அங்கே கூட்டம் அலைமோதும் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

ஒரே ஒரு தீவுதான் பார்க்க முடியும் என்பவர்களை நான் ஊட்டோவுக்கு அனுப்புகிறேன். இடைக்காலத்திலேயே இரும்பு தோண்டத் தொடங்கிய ஊர் அது. ஸ்வீடனின் மிகப் பழைய இரும்புச் சுரங்கங்களுள் ஒன்று. 1719ஆம் ஆண்டு ரஷ்யக் கடற்படை இந்தத் தீவுக்கூட்டம் முழுவதையும் எரித்துச் சென்றபோது ஊட்டோவும் தப்பவில்லை. மீண்டு எழுந்த சுரங்கம் 1879இல் தான் மூடப்பட்டது. இன்று அந்தப் பள்ளங்களில் நீர் நிறைந்து நிற்கிறது. மிக ஆழமானது 215 மீட்டர். வேலியருகே நின்று கீழே பார்க்கும் பிள்ளைகளிடம் மற்றொன்றையும் சொல்லுங்கள்: இந்தத் தீவில் கிடைத்த பெட்டலைட் என்ற கனிமத்தை ஆராய்ந்துகொண்டிருந்த யோஹான் ஆகஸ்ட் ஆர்வெட்சன் என்ற வேதியியலாளர் 1817இல் அதற்குள் ஒரு புதிய தனிமத்தைக் கண்டறிந்தார். அதன் பெயர் லித்தியம். அவர்கள் கையிலிருக்கும் கைப்பேசி மின்கலத்தின் பூர்வீகம் இந்தக் கற்குவியலில்தான். மிதிவண்டியை வாடகைக்கு எடுத்து, பாலம் கடந்து தெற்கே ஓலோ வரை போனால், ஸ்தூரா சாண்ட் என்ற நீண்ட மணற்கரையும் இருக்கிறது.

நாங்கள் சைவம். தீவில் பட்டினி கிடக்க நேருமா?

பட்டினி இல்லை, ஆனால் தயாராக வாருங்கள். ஊட்டோ, மோயா, சாண்ட்ஹாம்ன் போன்ற பெரிய தீவுகளில் மளிகைக்கடை உண்டு; ரொட்டி, பாலாடைக்கட்டி, உருளைக்கிழங்கு, பழங்கள் கிடைக்கும். உணவகங்களில் மீன்தான் அரசன். பொரித்த மத்தி போன்ற மீனை 'ஸ்ட்ரோம்மிங்' என்பார்கள். அதே மீன் தென்கிழக்குக் கரையிலுள்ள கால்மார் நகருக்குத் தெற்கே பிடிபட்டால் 'சில்' என்று பெயர் மாறிவிடும். சைவ உணவு ஒன்றேனும் பட்டியலில் இருக்கும், ஆனால் சமையலறை மாலையில் சீக்கிரமே மூடிவிடும். பெரும்பாலான விடுதிகளில் பொதுச் சமையலறை இருப்பதால், எலுமிச்சைச் சாதமோ புளியோதரையோ முதல் நாளுக்குக் கட்டிக்கொண்டு, அரிசியும் பருப்பும் கொஞ்சம் பையில் வைத்துக்கொள்வது எங்கள் குடும்ப வழக்கம்.

குடிநீரைப் பற்றிக் கவனம் தேவை. சுற்றிலும் கடல் இருந்தாலும் நல்ல தண்ணீர் தீவுகளில் அரிது; கோடையில் அதிகம் இறைத்தால் கிணற்றுக்குள் உப்புநீர் ஊறிவிடும். ஆளுக்கு ஒன்றரை லிட்டராவது நகரத்திலிருந்தே எடுத்துச் செல்லுங்கள்.

எங்கே வேண்டுமானாலும் கூடாரம் போடலாம் என்கிறார்களே, உண்மையா?

பாதி உண்மை. 'அல்லேமான்ஸ்ரேட்டென்' என்ற பொதுமக்கள் உரிமை ஸ்வீடனில் நெடுங்கால வழக்கம். 1994இல் அரசமைப்புச் சட்டத்திலும் இடம்பெற்றது. தனியார் நிலமாயினும் காட்டில் நடக்கலாம், பழம் பறிக்கலாம், ஓரிரவு கூடாரம் போடலாம். வீடுகளின் அருகிலும் தோட்டங்களிலும் பயிர்நிலத்திலும் அந்த உரிமை இல்லை. அடுத்தவர் வாழ்வுக்குத் தொல்லை தராமலும், வந்த தடம் தெரியாமலும் போக வேண்டும் என்பதே அதன் அடிப்படை.

சிக்கல் என்னவென்றால், பயணிகள் விரும்பும் தீவுகளில் பல இயற்கைப் பாதுகாப்பிடங்கள். அங்கே தனி விதிகள் உண்டு, குறித்த இடத்தில் மட்டுமே கூடாரத்துக்கு அனுமதி இருக்கும். துறையருகே உள்ள பலகையைப் படித்த பிறகே கூடாரத்தை அவிழுங்கள். வெறும் பாறைமேல் தீ மூட்டவே கூடாது. சூட்டில் பாறை வெடித்து, அந்த வடு என்றைக்கும் மாறாது. வறண்ட கோடையில் தீமூட்டத் தடை வந்தால் அது கட்டாயம் பின்பற்ற வேண்டியது. கூடாரம் வேண்டாம் என்பவர்களுக்குப் பயணியர் விடுதிகள் உண்டு. படுக்கை விரிப்பை நீங்களே கொண்டுபோகலாம், இல்லையேல் தனிக் கட்டணம். ஜூலைக்கு வசந்த காலத்திலேயே பதிவு செய்துவிடுங்கள்.

கடலில் குளிக்கலாமா? அலை, ஓதம் எல்லாம் எப்படி?

தாராளமாகக் குளிக்கலாம். பால்டிக் கடலின் நீர் இங்கே லிட்டருக்கு 6 கிராம் அளவே உப்புக் கொண்டது. பெருங்கடலில் அது 35 கிராம். வாயில் பட்டால் கஞ்சியில் உப்புப் போட மறந்தது போல இருக்கும். ஓதம் என்பது அறவே இல்லை எனலாம்; ஆனால் காற்றும் காற்றழுத்தமும் மாறுவதால் நீர்மட்டம் அரை மீட்டருக்கு மேல்கூட ஏறி இறங்கும். நேற்று எளிதாக ஏறிய படகுப் பலகை இன்று செங்குத்தாக நிற்பதன் காரணம் அதுதான்.

இரண்டு எச்சரிக்கைகள். ஜூலை, ஆகஸ்டில் வெயில் நீடித்தால் நீலப்பச்சைப் பாசி பூக்கும். நீர் பச்சை வண்ணம் கலந்தது போலத் தெரிந்தால் பிள்ளைகளையும் நாய்களையும் இறங்க விடாதீர்கள். மற்றொன்று, நீர் விளிம்பில் கறுத்துத் தெரியும் பாறைப்பகுதி பாசி படிந்தது. அதில் கால் வைத்தால் விழுவது உறுதி.

உண்ணிக் கடியைப் பற்றிப் பயமுறுத்துகிறார்கள். அவ்வளவு ஆபத்தா?

அலட்சியம் செய்யக் கூடாது, பயந்து வராமல் இருக்கவும் வேண்டாம். புல்லிலும் புதரிலும் உள்ள உண்ணிகள் இரண்டு நோய்களைப் பரப்பக்கூடும். ஒன்று பொரீலியா என்னும் பாக்டீரியா நோய். கடித்த இடத்தைச் சுற்றிச் சிவப்பு வளையம் பரவினால் மருத்துவரைப் பாருங்கள், மருந்து உண்டு. மற்றொன்று டி.பி.ஈ. என்னும் மூளை அழற்சி. இதற்கு மருந்து இல்லை, தடுப்பூசி மட்டுமே உண்டு. ஸ்டாக்ஹோம் தீவுக்கூட்டம் இந்நோய் அதிகம் காணப்படும் பகுதி. முதல் இரண்டு ஊசிகளுக்கு இடையே ஒன்று முதல் மூன்று மாதம் இடைவெளி தேவைப்படுவதால், காட்டில் தங்கி நடக்கப் போகிறவர்கள் முன்கூட்டியே மருத்துவரைக் கலந்துகொள்ள வேண்டும்.

நீளமான கால்சட்டை அணிந்து அதைக் காலுறைக்குள் செருகுங்கள். இரவில் உடம்பைச் சோதியுங்கள்; முழங்கால் மடிப்பு, இடுப்பு, பிள்ளைகளுக்குக் காதின் பின்புறம். கண்டால் மெல்லிய இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுத்து எடுத்துவிடுங்கள்.

தீவுக்கும் தீவுக்கும் நடுவே துடுப்புப் படகு வைத்திருக்கிறார்களாம். யாரும் எடுத்துக்கொள்ளலாமா?

யெல்னோவுக்கும் கார்க்லோவுக்கும் இடையே உள்ள குறுகிய நீரிணையில் இந்த ஏற்பாடு உண்டு. இரு தீவுகளையும் ஒரே நடையில் பார்க்க விரும்புகிறவர்களுக்காக வைக்கப்பட்ட படகுகள் அவை. ஒரே விதி: நீங்கள் போன பிறகு இரு கரையிலும் குறைந்தது ஒரு படகு நிற்க வேண்டும்.

புலி, ஆடு, புல்லுக்கட்டுக் கணக்கைச் சிறுவயதில் போட்டவர்களுக்கு இது கடினமன்று. உங்கள் கரையில் இரண்டு படகுகள் நின்றால் ஒன்றை எடுத்துக்கொண்டு போய்விடலாம். ஒன்றே நின்றால், அதில் அக்கரைக்குத் துடுப்புப் போட்டு, அங்குள்ள ஒன்றைக் கயிற்றால் பின்னால் கட்டி இக்கரைக்கு இழுத்து வந்து, அதை இங்கே கட்டிவிட்டு, மறுபடியும் அக்கரைக்குப் போக வேண்டும். ஆக மூன்று முறை நீரிணையைக் கடக்க வேண்டும். காற்று பலமாக வீசினால் இதற்கு ஒரு மணி நேரம்கூடப் பிடிக்கும். அக்கரையில் பிடிக்க வேண்டிய பயணப்படகு இருந்தால் அந்த ஒரு மணி நேரத்தையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். உயிர்காப்புச் சட்டை இல்லாமல் ஏற வேண்டாம்.

சக்கரப் பெட்டி கொண்டுவரலாமா? மிதிவண்டி?

முதுகுப்பைதான் சரி. தீவுச் சாலைகள் சரளைக் கற்கள். சக்கரப் பெட்டி பாதி வழியில் கைச்சுமையாகிவிடும். மிதிவண்டியை இடமிருந்தால் தனிக் கட்டணத்துக்கு ஏற்றிக்கொள்வார்கள், நெரிசலான படகில் மறுக்கவும் செய்வார்கள். தீவிலேயே வாடகைக்கு எடுப்பது மேல்.

புகைபோக்கியுடன் பழங்காலக் கப்பல் ஒன்றைப் பார்த்தேன். அதில் நாங்கள் ஏற முடியுமா?

முடியும். 1908இல் கட்டிய ஸ்தூர்ஷேர், 1910இல் கட்டிய நோர்ஷேர் ஆகிய இரண்டும் வாக்ஸ்ஹோல்ம்ஸ்போலாகெட்டின் நீராவிக் கப்பல்கள். இன்றும் பழைய நீராவி எந்திரத்திலேயே இயங்குகின்றன. கோடையில் எந்தெந்த நாட்களில் ஓடுகின்றன என்பது அட்டவணையில் இருக்கும். எந்திர அறையை மேலிருந்து எட்டிப் பார்க்க முடியும். என் மகன் அந்த இடத்தை விட்டு வரவே மாட்டான்.

குளிர்காலத்தில் கடல் உறைந்துவிட்டால் தீவு மக்கள் என்ன செய்வார்கள்?

பெரிய படகுகள் பனியை உடைக்கும்படி கட்டப்பட்டவை. கடும் குளிரிலும் திறந்து வைத்த வழியில் ஓடும். பனி மிகவும் இறுகிய இடங்களில் காற்றுமெத்தை ஊர்திகள் வருவதுண்டு. பயணி வரலாம், ஆனால் பகல் ஆறு மணி நேரம்தான். விடுதி, உணவகம், கடை எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகத் தொலைபேசியில் உறுதி செய்துகொண்டு வர வேண்டும். மிதக்கும் பனிக்கட்டிகள் படகின் பக்கங்களில் உரசும் ஓசையை ஒருமுறை கேட்டவர்கள் அந்தச் சிரமத்தைப் பொருட்படுத்துவதில்லை.

சில இடங்களில் 'இறங்கக் கூடாது' என்று மஞ்சள் பலகை இருக்கிறது. பொதுமக்கள் உரிமை அங்கே செல்லாதா?

செல்லாது. இப்பலகைகளில் இரண்டு வகை உண்டு. ஒன்று பறவைகளுக்கும் கடல்நாய்களுக்குமான பாதுகாப்பிடம். பறவைகள் கூடு கட்டும் ஏப்ரல் முதல் ஜூலை வரையிலோ, பலகையில் உள்ள வேறு நாட்களிலோ, கரைக்கு நெருங்கவே கூடாது. துடுப்புப் படகில் போகிறவர்கள் இதை அடிக்கடி அறியாமல் மீறுகிறார்கள். வெறும் பாறை என்று நீங்கள் எண்ணும் இடத்தில் நூறு முட்டைகள் இருக்கலாம்.

மற்றது இராணுவம். பனிப்போர்க் காலத்தில் இந்தத் தீவுக்கூட்டமே ஸ்டாக்ஹோமின் கடற்கோட்டையாக இருந்தது. 1990கள் வரை பல தீவுகளில் வெளிநாட்டவருக்கு அனுமதியே இல்லை. இன்று அத்தடைகள் பெரும்பாலும் நீங்கிவிட்டன. ஆர்ஹோல்மாவில் பாறையைக் குடைந்து அமைத்த பீரங்கித்தளத்துக்குள் வழிகாட்டியுடன் நுழைந்து பார்க்கலாம். ஊட்டோவில் ஒரு பகுதி மட்டும் இன்னும் துப்பாக்கிச்சூட்டுப் பயிற்சிக்குப் பயன்படுகிறது. சாலைத்தடுப்பு இறக்கப்பட்டிருந்தால் திரும்பிவிடுங்கள். காவலுள்ள இடங்களைப் படம் எடுப்பது குற்றம்.

வடகோடி ஆர்ஹோல்மாவிலிருந்து தென்கோடி லாண்ட்ஸூர்ட் வரை தீவு தீவாகவே போய்விட முடியுமா?

பலர் கனவு காணும் பயணம் இது. 2024 இலையுதிர்காலத்தில் இந்த இரு முனைகளுக்கும் இடையே இருபதுக்கும் மேற்பட்ட தீவுகளைக் கோத்து, ஏறத்தாழ 270 கிலோமீட்டர் நீளத்துக்கு நடைபாதை ஒன்று திறக்கப்பட்டது. ஒவ்வொரு தீவிலும் வழிக்குறி இருக்கிறது. நடப்பது எளிது, தீவு மாறுவதுதான் கடினம். ஒரே நாளில் எத்தனை தீவுகள் என்ற கேள்வியில் சொன்ன ஆரக்கால் சிக்கல் இங்கே முழு உருவில் வந்து நிற்கும். அடுத்த தீவுக்கு நேர்ப்படகு இல்லாத இடங்களில் நிலப்பகுதிக்குத் திரும்பிப் பேருந்து பிடிக்க வேண்டும், அல்லது வாடகைப்படகு அமர்த்த வேண்டும்.

கோடை அட்டவணை நடப்பில் இருந்து, கையில் மூன்று வாரமும் இருந்தால் மட்டுமே ஒரே மூச்சில் முயலுங்கள். மற்றவர்களுக்கு நான் சொல்வது இரண்டு முனைகளையும் தனித்தனியாகப் பார்ப்பது. ஆர்ஹோல்மாவுக்குச் சிம்ப்நேஸ் துறையிலிருந்து படகுப் பயணம் சிறிது நேரம்தான். 1768இல் கட்டிய கல்கோபுரம் ஒன்று கடலோடிகளுக்கு அடையாளமாகக் குன்றின்மேல் நிற்கிறது. லாண்ட்ஸூர்டுக்கு நீனேஸ்ஹாம்ன் வரை ரயிலிலும், அங்கிருந்து பேருந்தில் டூரோ தீவின் ஆங்காருட்டென் துறைக்கும் போய்ப் படகேற வேண்டும்; ஸ்வீடனின் மிகப் பழைய கலங்கரைவிளக்கம் அங்கேதான் இருக்கிறது. வரைபடத்தில் அந்தத் தீவின் பெயர் ஓயா என்று இருக்கும். அட்டவணையில் தேடும்போது லாண்ட்ஸூர்ட் என்று தேடுங்கள்.